பல் டாக்டரைக் கேளுங்கள்: வீக்கம் வடிந்துவிட்டால் போதுமா?

கேள்வி: என் கணவர் லாரி ஓட்டுகிறார். வயது 54, சர்க்கரை உண்டு. கீழ்க் கடைவாய்ப் பல்லில் சீழ் கட்டிக் கன்னம் வீங்குகிறது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டால் வடிகிறது. பிறகு மறுபடியும் வீங்குகிறது. டாக்டர் ரூட் கேனால் என்கிறார். மாமியாரோ, ‘பிடுங்கிடலாம், ஆனா வீக்கத்தோட கை வைக்கக் கூடாது’ என்கிறார். என்ன செய்வது?
- வாசகி, நாமக்கல்

பதில்: வீக்கத்தோடு கை வைக்கலாம், வைக்கத்தான் வேண்டும். சீழ் பிடித்த இடத்தில் மரத்துப்போகும் ஊசி சரியாகப் பிடிக்காது என்பதால் சில சமயம் ஓரிரு நாள் தள்ளிப் போடுவோம். அதிலிருந்து கிளம்பிய பேச்சு இது. இதோடு ‘மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும்’ என்பதையும் சேர்த்துத் தள்ளுங்கள்.

மாத்திரை போட்டும் வீக்கம் ஏன் திரும்ப வருகிறது? மருந்து ரத்தத்தோடுதான் போய்ச் சேரும். பல்லுக்குள் நரம்பு செத்தபின் அங்கே ரத்த ஓட்டமே கிடையாது. வெளியே வீக்கம் வடிகிறது, கிருமி உள்ளே குடியிருக்கிறது. அவராகவே மாத்திரை வாங்குவதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

ரூட் கேனாலில் முதலில் பல்லின் மேல் சிறு துளை போடுவோம். பல சமயம் அந்த நிமிடமே நாற்றத்தோடு சீழ் பொங்கி வரும். நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தவர் கையைத் தளர்த்துவார். ஈறில் திரண்டிருந்தால் அங்கும் கீறி வடிய விடுவோம். கீழ்க் கடைவாய்ப் பல்லின் வேருக்குள் நரம்பு ஓடும் குழாய்கள் பெரும்பாலும் மூன்று, சிலருக்கு நான்கு. எல்லாவற்றையும் சுரண்டிக் கழுவி, மருந்து வைத்து, அடுத்த முறை அடைப்போம். வலி போனதும், பல்லை மூடும் உறையான கேப் போடாமல் நழுவுகிறவர்கள்தான் அதிகம். உள்ளே குடைந்த பல் முறுக்கு கடித்தாலே பிளந்துவிடும்.

வேர் பிளந்திருந்தாலோ, கட்டவே பல் மிச்சமில்லை என்றாலோ மாமியார் சொன்னபடி பிடுங்குவதே சரி. எக்ஸ்ரே பார்த்தால் தெரிந்துவிடும். செலவுதான் தயக்கம் என்றால் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம்.

காய்ச்சல், வாய் திறக்க முடியாமை, எச்சில் விழுங்கச் சிரமம், தாடைக்கு அடியில் கல் போல வீக்கம், மூச்சுத் திணறல்: இதில் ஒன்று வந்தாலும் பல் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சர்க்கரைக்காரர்களுக்குச் சீழ் கழுத்துக்கு வேகமாக இறங்கும்.

சிகிச்சைக்கு வெறும் வயிற்றில் அனுப்பாதீர்கள். சாப்பிட்டு, சர்க்கரை மாத்திரையும் போட்டுக்கொண்டு, கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு போகச் சொல்லுங்கள்.