ஃப்ளேமிங் கார்ஜ் ட்ரிப்: செப்டம்பர் கடைசி வேண்டாம்

ப்ரோ, செப்டம்பர் கடைசில டென்வர்ல இருந்து ஃப்ளேமிங் கார்ஜ் ஏரிக்குப் போய் கோக்கனியும் (ஏரிலயே வாழற சால்மன் மீன்) லேக் ட்ரவுட்டும் (பெருசா வளர்ற இன்னொரு மீன்) பிடிக்கலாமான்னு கேட்டிருந்தீங்க, தயவுசெஞ்சு தேதிய மாத்துங்க. செப்டம்பர் 10ல இருந்து நவம்பர் 30 வரைக்கும் அங்க கோக்கனிய வச்சுக்கவே கூடாது, மாட்டினா உடனே தண்ணில விட்டுடணும். ஜூலைல போங்க. விடியகாலைல டாட்ஜருக்குப் (தண்ணில ஆடி மின்னி மீனைக் கூப்பிடற தகடு) பின்னாடி பிங்க் ஸ்க்விட் (கணவாய் மாதிரி இருக்கற சின்ன ரப்பர் இரை) கட்டி, முள்ளுல ரெண்டு வெள்ளைச் சோளம் குத்தி மெதுவா ட்ரோல் பண்ணுங்க, அதாவது போட்ட ஓட்டிக்கிட்டே தூண்டில இழுங்க, கோக்கனியோட வாய் ரொம்ப மெல்லிசு, வெடுக்குன்னு இழுத்தா கிழிஞ்சிடும், நிதானமா சுத்திக் கொண்டாந்து வலைல அள்ளுங்க. லேக் ட்ரவுட் அடி ஆழத்துல கிடக்கும், 1988ல 51 பவுண்டுக்கு மேல ஒண்ணு இங்கதான் மாட்டுச்சு, ட்யூப் ஜிக் (கனமான தலை வச்ச, குழாய் மாதிரி ரப்பர் இரை) தரையத் தொட்டப்புறம் லேசா தூக்கித் தூக்கி விடுங்க. ஏரி யூட்டா, வயோமிங் ரெண்டுலயும் கிடக்கு, எந்தப் பக்கம்னு முடிவு பண்ணிட்டு லைசென்ஸ் எடுங்க. சொந்த போட்னா வழில மசல் செக்கிங் (போட்ல சிப்பி ஒட்டிட்டு வருதான்னு பாக்கற சோதனை) இருந்தா கண்டிப்பா நிறுத்துங்க.