பற்றைக் காணியும் பாம்புப் பயமும்

கேள்வி: கல்லடியில் எங்கள் ஒழுங்கைக்குப் பின்னால் ஏறத்தாழ 30 பேர்ச் காணி, பற்றை மண்டிக் குப்பை கொட்டும் இடமாகக் கிடக்கிறது. பறவைகளும் வண்ணத்துப்பூச்சிகளும் தங்கும் இடமாக அதை மாற்ற இளைஞர்கள் விரும்புகிறார்கள். பெரியவர்களோ பாம்பும் டெங்கும் வரும் என்று சொல்லி, பெக்கோ இயந்திரத்தால் முழுவதையும் துப்புரவாக்கச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?
— வாசகி ஒருவர், கல்லடி

பதில்: காணி யாருடையது என்பதைக் கிராம உத்தியோகத்தரிடம் முதலில் கேட்டறியுங்கள். தனியார் காணியானால் உரிமையாளரிடமும், அரச காணியானால் பிரதேச செயலகத்திலும் எழுத்து மூலம் அனுமதி பெறாமல் மண்வெட்டியை எடுக்க வேண்டாம்.

பெரியவர்களின் அச்சம் நியாயமானதே. ஆனால் அது பற்றையைக் குறை சொல்லிக் குப்பையை விட்டுவிடுகிறது. குப்பைக்கு எலி வருகிறது, எலியைத் தேடிப் பாம்பு வருகிறது. டெங்கு நுளம்பு யோகட் கோப்பை, சிரட்டை, பழைய டயர் ஆகியவற்றில் தேங்கும் நீரில்தான் பெரும்பாலும் பெருகுகிறது. முட்டை நுளம்பாவதற்கு ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் போதும் என்பதோடு, பாத்திரத்தின் சுவரில் ஒட்டிய முட்டைகள் நீர் வற்றிய பின்னும் பல மாதங்கள் உயிருடன் இருக்கும் என்பதால், நீரை ஊற்றிவிடுவது மட்டும் போதாது, அந்தப் பொருட்களையே அகற்ற வேண்டும். 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டமும் இப்பொறுப்பைக் காணிக்காரர் மீதே சுமத்துகிறது. ஆகவே சிரமதானத்தின் மூலம் கையாலேயே குப்பையை அள்ளுங்கள். பெக்கோ கூடுகளையும் சேர்த்து வாரிவிடும். வெறுமையான மண்ணில் முதலில் தலைகாட்டுவது நாயுண்ணி என்ற களைச்செடியாகத்தான் இருக்கும்.

ஒரு மாரி முழுவதும் நீர் எங்கே நிற்கிறது, எங்கே வடிகிறது என்று பார்த்துவிட்டு, அடுத்த ஐப்பசி மழையோடு நாவல், வேம்பு, புன்னை, பூவரசு ஆகியவற்றை நடுங்கள். எருக்கலையைப் பிடுங்கிப் பூச்செடி வைப்பவர்கள் உண்டு. வண்ணத்துப்பூச்சி அங்கே தேன் குடித்துவிட்டு, முட்டையிட எருக்கலையையோ கறிவேப்பிலையையோ தேடிப் போய்விடும். இலையை வண்ணத்துப்பூச்சியின் புழு தின்பதைக் கண்டு மருந்தடித்தால் முயற்சி முழுவதும் வீண்.

காணி வாவியைத் தொடுமானால் கண்டல், கண்ணா, தில்லை ஆகிய நீரோர மரங்களில் கை வைக்கக் கூடாது. தில்லையின் பால் கண்ணில் படுவது ஆபத்து என்பதைச் சிறுவர்களுக்கும் சொல்லிவையுங்கள்.

நடுவே மூன்றடி அகலத்தில் ஒரு பாதையை விட்டு, புல்லைக் கட்டையாக வெட்டி வாருங்கள். கால் வைக்கும் இடம் தெளிவாகத் தெரிந்தால் பெரியவர்களும் உள்ளே வருவார்கள்.