பிரிட்டிஷ் ராக் குழு பிங்க் ஃபிளாய்டின் ஆல்பம் 'அப்ஸ்க்யூர்ட் பை கிளவுட்ஸ்': உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

இது படத்துக்காகப் போட்ட இசையாமே, எந்தப் படம்?

பார்பே ஷ்ரோடர் இயக்கிய 'லா வாலே' என்ற பிரெஞ்சுப் படம், 1972. நியூ கினி மலைகளுக்குள் ஒரு பள்ளத்தாக்கைத் தேடிப் போகிறவர்களின் கதை. வரைபடத்தில் அந்த இடம் மேகம் மறைத்த பகுதி என்று காலியாக விடப்பட்டிருக்கும். ஆல்பத்தின் பெயர் அங்கிருந்து வந்ததுதான். இதே இயக்குநரின் 'மோர்' படத்துக்கும் 1969-ல் இவர்கள்தான் இசை.

அவசரத்தில் செய்த ஆல்பம் என்று ஒதுக்குகிறார்களே?

அவசரம் உண்மை. ஆனால் எனக்குப் பிடித்ததே அதனால் வந்த விளைவுதான். பாரிஸுக்கு வெளியே எரூவில் என்ற ஊரில், பழைய மாளிகை ஒன்றுக்குள் இருந்த ஸ்டூடியோவில் 1972 பிப்ரவரியிலும் மார்ச்சிலுமாகப் பதிவு நடந்தது. நடுவில் ஜப்பானில் கச்சேரிகள் வேறு. படத்தின் முதல்கட்டத் தொகுப்பைப் போட்டுப் பார்த்து, ஸ்டாப்வாட்சில் காட்சி நீளத்தைக் குறித்துக்கொண்டு வாசித்தார்கள். முந்தைய ஆண்டு வந்த இவர்களின் 'எக்கோஸ்' என்ற ஒரே பாடல் 23 நிமிடம் ஓடுகிறது; இங்கே பத்து உருப்படிகளும் சேர்ந்தே சுமார் 40 நிமிடம்தான். சுற்றி வளைக்க நேரமில்லை, நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறார்கள்.

முதல் உருப்படியைக் கேளுங்கள். விசிஎஸ்3 என்ற சிந்தசைசரின் (மின்னணு இசைக்கருவி) கனத்த ரீங்காரம் ஒன்று மட்டும் நீண்டுகொண்டே போகும். அப்புறம் இயந்திரத்தனமான தாளம் சேரும். அதன் மேல் குழுவின் கிட்டார் கலைஞர் கில்மரின் கிட்டார் இழைந்து ஏறும். இவ்வளவு சிக்கனமாக அவர்கள் அதற்கு முன் வாசித்ததில்லை.

இவர்களின் அடுத்த ஆல்பம் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' இதிலிருந்து பிறந்ததா?

அப்படிச் சொல்ல முடியாது. அந்தப் பாடல்களை 1972 ஜனவரியிலேயே மேடையில் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஸ்டூடியோவில் பதிவு செய்யத்தான் இந்த வேலை முடிய வேண்டியிருந்தது. இரண்டும் கூடப்பிறந்தவை. இதில் வரும் 'சைல்ட்ஹுட்ஸ் எண்ட்' கேட்டுவிட்டு உடனே அதில் வரும் 'டைம்' கேட்டால் சாயல் பிடிபடும். இதே ஆல்பத்தின் 'ஃப்ரீ ஃபோர்' இன்னும் முக்கியம். கைதட்டலோடு துள்ளலாகப் போகும் மெட்டில் குழுவின் ரோஜர் வாட்டர்ஸ் முதுமையையும் சாவையும், போரில் இறந்த தன் அப்பாவையும் பாடுகிறார். அப்பா இறந்தது 1944-ல், இத்தாலியின் ஆன்சியோவில். அந்த இழப்பைப் பின்னால் வந்த 'தி வால்' ஆல்பத்திலும் அவர் விடவில்லை.

படம் பார்க்காமல் கேட்கலாமா?

தாராளமாக. ஒரு இடத்தில் மட்டும் படம் தெரிந்திருந்தால் நல்லது. கடைசி உருப்படியில் குழுவின் கீபோர்டு கலைஞர் ரைட்டின் வாசிப்பு அடங்கியதும் மனிதக் குரல்கள் கேட்கும். அது நியூ கினியின் மபூகா மக்கள் பாடியது; படத்தில் அவர்களே வருகிறார்கள்.

இந்த ஆல்பத்தின் 'மட்மென்' எங்கேயோ கேட்டதுபோல் இருக்கிறதே?

சரியாகப் பிடித்தீர்கள். அதே ஆல்பத்தில் முன்னால் வரும் 'பர்னிங் பிரிட்ஜஸ்' மெட்டுதான், பாட்டு வரிகள் இல்லாமல். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு, பின்னதில் கில்மரின் சோலோ வரும்வரை பொறுத்திருங்கள்.