தொட்டி வேலைக்கு லைசென்ஸ் வேண்டாம் என்கிறார்கள், நம்பலாமா?

கேள்வி: வீட்டில் 5,000 லிட்டர் மழைநீர்த் தொட்டி வைக்கப்போகிறோம். அதிலிருந்து கழிப்பறைக்கும் வாஷிங் மெஷினுக்கும் குழாய் போகும். மழை இல்லாத நாட்களில் பொதுக் குடிநீர்க் குழாயிலிருந்து தொட்டி தானாக நிரம்ப வேண்டும். வேலையை எடுத்திருக்கும் நிறுவனம், "தொட்டி வேலைக்கு பிளம்பர் லைசென்ஸ் தேவையில்லை. அனுமதி விண்ணப்பத்தை மட்டும் உங்கள் பெயரிலேயே போட்டுவிடுங்கள், சீக்கிரம் கிடைத்துவிடும்" என்கிறது. கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன். முதலில் லைசென்ஸ் விஷயத்தைப் பார்த்துவிடுவோம்.

அவர்கள் சொல்வது பாதி உண்மை. கூரை விளிம்பில் தகரம் மாட்டி, மழைநீரைக் குழாய் வழியாகத் தொட்டியில் இறக்கி, அங்கிருந்து ஹோஸ் போட்டுச் செடிகளுக்கு ஊற்றுவதோடு வேலை முடிந்தால், பெரும்பாலான ஊர்களில் பிளம்பர் லைசென்ஸ் கேட்க மாட்டார்கள். உங்கள் வேலை அதோடு முடியவில்லை. தொட்டியிலிருந்து ஒரு குழாய் வீட்டுக்குள் போகிறது. பொதுக் குடிநீர்க் குழாயிலிருந்து இன்னொன்று தொட்டிக்கு வருகிறது. சட்டத்தின் முக்கியக் கவலை இந்த இரண்டாவது குழாயைப் பற்றித்தான்.

பொதுக் குழாயில் தண்ணீர் நம் வீட்டுப் பக்கம் மட்டுமே வரும் என்று நினைக்கிறோம். தெருவில் மெயின் குழாய் உடைந்தால், அல்லது பக்கத்தில் தீயணைப்பு வண்டி ஏராளமாக இழுத்தால், அழுத்தம் விழுந்து குழாய் எதிர்ப்பக்கம் உறிஞ்ச ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் நிரப்பும் குழாயின் வாய் தொட்டித் தண்ணீரில் மூழ்கியிருந்தால், கூரையில் பறவைகள் போட்ட எச்சம் கலந்த தண்ணீர் தெருக்குழாய்க்குள் போகும். குடிக்கப்போவது உங்கள் வீட்டார் மட்டும் இல்லை, அக்கம்பக்கத்தார் எல்லோரும்.

இதைத் தடுக்க நம்பகமான வழி காற்று இடைவெளி. நிரப்பும் குழாயின் வாய், தொட்டியில் தண்ணீர் எட்டக்கூடிய உச்ச மட்டத்துக்கும் மேலே தள்ளி நிற்க வேண்டும். பொதுவாக அந்தக் குழாயின் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு உயரம் கேட்பார்கள். இதற்குப் பதிலாக, தண்ணீரை ஒரு பக்கம் மட்டுமே விடும் சாதாரண நான்-ரிடர்ன் வால்வு ஒன்றை மாட்டிவிட்டு "இதுவே போதும்" என்பவர்களை நம்பாதீர்கள். அதன் மூடியில் ஒரு மணல் துகள் சிக்கினாலே கசியும். நான் சோதனைக்குப் போன ஒரு வீட்டில் அந்த வால்வையும் தலைகீழாக மாட்டியிருந்தார்கள்.

யார் இதைச் செய்யலாம் என்பது இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்காவின் டெக்சாஸில், பொது இணைப்பு உள்ள வீட்டில் மழைநீரைக் குடிக்கவும் பயன்படுத்தினால், மாஸ்டர் அல்லது ஜர்னிமேன் (அங்கே பிளம்பர்களுக்கான இரண்டு தகுதி நிலைகள்) பிளம்பர் லைசென்ஸ் மட்டும் போதாது. குடிநீர்ப் பாதுகாப்பு நிபுணர் என்ற கூடுதல் தகுதியும் வேண்டும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வேலையின் மதிப்பு 750 டாலரைத் தொட்டுவிட்டால், லைசென்ஸ் உள்ள பிளம்பர், வேலை விதிப்படி நடந்தது என்று தன் பெயரில் இணக்கச் சான்றிதழ் தர வேண்டும். இங்கிலாந்தில் பிளம்பருக்கு லைசென்ஸே சட்டப்படி கட்டாயமில்லை, ஆனால் குடிநீர்க் குழாய் இணைப்புகளுக்கான 1999ஆம் ஆண்டு விதிகளின்படி மழைநீர் மிக ஆபத்தான 5ஆம் பிரிவில் வருகிறது, இணைப்பு அதற்கேற்றபடி இருந்தாக வேண்டும்.

இப்போது அந்தக் கையெழுத்துக்கு வருகிறேன். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் வீட்டுக்காரருக்கு ஒரு சலுகை உண்டு: தான் குடியிருக்கும் சொந்த வீட்டில், தன் கையாலேயே வேலை செய்தால், லைசென்ஸ் இல்லாமலே அனுமதி வாங்கலாம். 'தன் கையாலேயே' என்பதுதான் அதன் உயிர். கூலி வாங்கிக்கொண்டு ஒருவர் வந்து செய்தால் சலுகை போய்விடும். நீங்கள் குடியிராத வாடகை வீட்டுக்கும் அது பொருந்தாது. லைசென்ஸ் இல்லாத நிறுவனங்கள் இந்தச் சலுகையைத்தான் தங்களுக்குக் குடையாகப் பிடிக்கின்றன. நீங்கள் போடும் கையெழுத்து, "இந்த வேலையைச் செய்வது நானே" என்ற உறுதிமொழி. நாளை சோதனையில் தவறு தெரிந்தால் அபராதம் உங்களுக்கு, இடித்துத் திருத்தும் செலவும் உங்களுக்கு. இன்சூரன்ஸ்காரர் கை விரிக்கவும் கூடும். நிறுவனத்தின் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது. "சீக்கிரம் கிடைத்துவிடும்" என்பதற்கு வேறு அர்த்தமே கிடையாது. உங்கள் ஊரில் இந்தச் சலுகையே இல்லாமலும் இருக்கலாம், அப்போது நிலைமை இன்னும் மோசம்.

இன்னொரு தந்திரம், இரவல் லைசென்ஸ். விலைப்புள்ளியில் ஒரு லைசென்ஸ் எண் இருக்கும், அதற்குரியவர் வாசலை மிதிக்கவே மாட்டார். கையெழுத்துக்கு மட்டும் காசு வாங்கிக்கொள்வார். ஆகவே எண்ணைக் கேட்டு, லைசென்ஸ் வழங்கிய அமைப்பின் பதிவேட்டில் நீங்களே தேடிப் பாருங்கள். பெயர், வகை, காலாவதித் தேதி மூன்றும் சரியாக இருக்க வேண்டும். குழாயை இணைக்கும் நாளில் அந்த ஆள் நேரில் நிற்பார் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். மூன்று நாள் பயிற்சிச் சான்றிதழைக் காட்டி "இதுதான் லைசென்ஸ்" என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இதையெல்லாம் ஒரே இடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள முடிந்தால் இந்த இடைத்தரகர்களுக்கு வேலையே இருக்காது. குடிநீர் வழங்குபவர் கட்டட அலுவலகத்தைக் கைகாட்டுவார், கட்டட அலுவலகம் சுகாதாரத் துறையைக் கைகாட்டும். ஒரு பக்கத்தில் எழுதி ஒட்டக்கூடிய விதிக்காக மக்களை ஏன் இப்படி அலையவிடுகிறார்கள் என்று இத்தனை வருடமாக எனக்குக் கோபம்தான். நீங்கள் முதலில் குடிநீர் வழங்குபவரிடம் போங்கள். குழாய் அவர்களுடையது, தட்டிக்கழிக்க முடியாது. பதிலை எழுத்தில் கேளுங்கள்.

வேலை முடிந்ததும், சுவரை மூடுவதற்கு முன், அந்த பிளம்பரை வைத்துக்கொண்டே ஒரு சோதனை செய்யுங்கள். பொதுக் குழாயின் வால்வை முழுதாக மூடிவிட்டு, மழைநீர் மோட்டாரை ஓடவிடுங்கள். சமையலறைக் குழாயைத் திறந்தால், குழாய்க்குள் மிச்சமிருக்கும் தண்ணீர் வடிந்து சிறிது நேரத்தில் நின்றுவிட வேண்டும். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் எங்கேயோ இரண்டு தண்ணீரும் கலக்கின்றன. அதைச் சரிசெய்து காட்டும்வரை மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.