மூடியும் உறங்காத மடிக்கணினி: ‘குறை இல்லை’ என்ற சீட்டுக்கு என்ன மதிப்பு?

கேள்வி: ஐயா, நான் பென்னாகரத்தில் வசிக்கிறேன். தர்மபுரியில் உள்ள சில கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறேன். பத்து மாதங்களுக்கு முன் தர்மபுரிக் கடை ஒன்றில் 58,000 ரூபாய்க்கு மடிக்கணினி வாங்கினேன். மூடியை மூடிப் பையில் வைத்துப் பேருந்து ஏறினால், இறங்கும்போது பை சுடுகிறது. 90 சதவீதம் இருந்த சார்ஜ் 50க்குக் கீழே போய்விடுகிறது. சேலம் சர்வீஸ் சென்டருக்கு மூன்று முறை கொண்டுபோனேன். மூன்று முறையும் ‘பரிசோதித்ததில் குறை எதுவும் இல்லை’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கடைக்காரர் கம்பெனியைக் கேட்கச் சொல்கிறார். ஓராண்டு வாரண்டி முடிய ஏழு வாரங்களே உள்ளன. பணத்தைத் திரும்பப் பெற வழி உண்டா?

பதில்: வழி உண்டு. ஆனால் இன்றைய நிலையில் தாங்கள் வழக்குத் தொடுத்தால், எதிர்த்தரப்பினர் அந்த மூன்று சீட்டுகளையும் நுகர்வோர் ஆணையத்தின் முன் வைத்து, கருவியில் பழுதே இல்லை, வாங்கியவர் அமைப்புகளை மாற்றிக் கெடுத்துக்கொண்டார் என்று வாதிடுவார்கள். அந்த வாதத்தை உடைக்கும் ஆவணம் தற்போது தங்கள் கையில் இல்லை. எனவே எஞ்சியிருக்கும் ஏழு வாரங்களை வழக்கறிஞரைத் தேடுவதில் செலவிடாமல், மடிக்கணினியிடமே சாட்சியம் பெறுவதில் செலவிடுங்கள்.

முதலில் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். பழைய மடிக்கணினிகள் எஸ்3 என்னும் உறக்கநிலைக்குச் செல்லும். அதில் நினைவகத்தைத் தவிர ஏறக்குறைய எல்லாப் பாகங்களும் அணைந்துவிடும். அண்மைக் காலத்து மடிக்கணினிகள் பலவற்றில் அந்நிலையே கிடையாது. மாறாக, மாடர்ன் ஸ்டாண்ட்பை என்ற முறையில், திரை அணைந்தாலும் கைபேசியைப் போல உள்ளே சிறிதளவு விழித்திருக்கும்படி அவை வடிவமைக்கப்பட்டுள்ளன. தங்களுடையது எந்த வகை என்பதை அறிய, விண்டோஸில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்ட் சாளரத்தை நிர்வாகி உரிமையோடு திறந்து, ‘பவர்சிஎஃப்ஜி’ (powercfg) என்ற கட்டளையை ‘/ஏ’ (/a) என்ற குறியோடு இயக்கினால் போதும். எஸ்3 இல்லை என்பது மட்டுமே தங்கள் புகாராக இருந்தால் அது நிற்காது. அது வடிவமைப்பு, பழுதன்று. ஆனால் பேருந்துப் பயண நேரத்திற்குள் நாற்பது சதவீத மின்சாரத்தைத் தின்று பையைச் சுடவைப்பது, எந்த வடிவமைப்பின் நோக்கமாகவும் இருக்க முடியாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 2(10) ‘குறைபாடு’ என்பதற்குள், வியாபாரி எந்த வகையிலேனும் உறுதி கூறிய தரத்தில் ஏற்படும் குறையையும் சேர்க்கிறது. ஆகையால் விளம்பரத் தாளிலோ பெட்டியிலோ ஸ்டாண்ட்பை நேரம், பேட்டரி நேரம் குறித்து ஏதேனும் அச்சிடப்பட்டிருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்து, உறக்கத்தைத் தடுப்பது யார் என்று கேளுங்கள். அதே கட்டளையை ‘ரிக்வெஸ்ட்ஸ்’ (/requests) என்ற சொல்லோடு இயக்கினால், கருவியை உறங்கவிடாமல் பிடித்துவைத்திருக்கும் செயலியோ, ஒரு பாகத்தை இயக்கும் மென்பொருளான டிரைவரோ பெயரோடு வெளிப்படும். ‘லாஸ்ட்வேக்’ (/lastwake) என்றால் கடைசியாக எழுப்பியது எது என்று காட்டும். பெரும்பாலும் நெட்வொர்க் கார்டு, புளூடூத் மவுஸ், ஒலி டிரைவர் ஆகியவற்றில் ஒன்றே சிக்கும். தாங்களே நிறுவிய பதிவிறக்கச் செயலி ஒன்றின் பெயர் அங்கே வந்தால், அதை நீக்கிவிட்டு மீண்டும் சோதியுங்கள். பிரச்சினை அத்துடன் தீர்ந்தால் வழக்கும் தீர்ந்தது, பேருந்துச் செலவு மிச்சம். மாடர்ன் ஸ்டாண்ட்பை வகையாக இருந்தால் ‘ஸ்லீப்ஸ்டடி’ (/sleepstudy) என்ற சொல்லோடு ஓர் அறிக்கை எடுங்கள். எந்த நேரத்தில் மூடப்பட்டது, எவ்வளவு நேரம் உள்ளே விழித்திருந்தது, எத்தனை சதவீதம் இறங்கியது, எந்தப் பாகம் அதிகம் தின்றது என்பதெல்லாம் அதில் தேதி, மணியோடு இருக்கும். ‘பை சுடுகிறது’ என்ற தங்கள் வாக்குமூலத்தைவிட அந்த அறிக்கையின் ஒரு பக்கம் கனமானது.

இவ்வளவும் செய்த பிறகு, தரவுகளுக்குப் படி எடுத்துவைத்துக்கொண்டு, நான்காம் முறையாக சர்வீஸ் சென்டருக்குச் செல்லுங்கள். இம்முறை வரவேற்பில் இருப்பவர் தம் வழக்கப்படி ‘சிஸ்டம் ஸ்லோ’ என்று எழுதிக்கொள்ள அனுமதிக்காதீர்கள். ‘மூடியை மூடிய பின் உறக்கநிலைக்குச் செல்வதில்லை, பையில் சூடாகிறது, ஒரு மணி நேரத்தில் இத்தனை சதவீதம் இறங்குகிறது, அறிக்கை இணைக்கப்பட்டுள்ளது’ என்று, புகாரைப் பதியும் ஜாப் ஷீட்டில் எழுதச் சொல்லி, அதன் நகலைக் கையெழுத்தோடு வாங்குங்கள். கருவியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸின் புதுப்பிப்பும் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைப்பும் செய்து, வேறு எந்தச் செயலியும் நிறுவாமல் மூடியை மூடி ஒரு மணி நேரம் அவர்களே வைத்துப் பார்க்கட்டும். அதன் பிறகும் இறங்கினால், அமைப்புகளைக் கெடுத்தீர்கள் என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடும். என் அனுபவத்தில் சர்வீஸ் சென்டர்கள் இதைச் செய்யத் தயங்குவதற்குக் காரணமே இதுதான். மறுத்தால் மறுப்பையும் மின்னஞ்சலில் கேட்டுப் பெறுங்கள்.

இடைக்கால ஏற்பாடாக, மூடியை மூடினால் ஹைபர்னேட் ஆகுமாறு அமைத்துக்கொள்ளலாம். நினைவகத்தில் உள்ளது முழுவதும் வட்டில் எழுதப்பட்டுக் கருவி அணைந்துவிடும். இதனால் தங்கள் உரிமை போய்விடாது, எனினும் பையில் சூடாவதைத் தவிர்க்கவே தற்காலிகமாக அவ்வாறு செய்வதாகக் கடிதத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ அடிப்பகுதி உப்பியிருந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கக்கூடும். அந்நிலையில் சார்ஜ் போடாமல், படம் எடுத்துவைத்துக்கொண்டு உடனே ஒப்படைக்க வேண்டும்.

வாரண்டி முடிவதற்குள் விற்ற கடை, சர்வீஸ் சென்டர், தயாரிப்பு நிறுவனம் ஆகிய மூவருக்கும் ஒப்புகை அட்டையுடன் அஞ்சலில் அறிவிப்பு அனுப்புங்கள். வாரண்டிக் காலத்தில் தெரிவிக்கப்பட்ட குறை, வாரண்டி முடிந்ததால் மறைந்துவிடாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியலாம். சில நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கிவருகின்றன.

அதற்கும் அசையாவிட்டால், தர்மபுரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் மனு தாக்கல் செய்யலாம். நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு செய்ய பிரிவு 34 இடமளிக்கிறது. 1986ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் இந்த வசதி இல்லை. தாங்கள் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்டது என்பதால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை. பிரிவு 69இன்படி வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. தொழிலுக்காக வாங்கியதால் தாங்கள் நுகர்வோர் அல்லர் என்று எதிர்த்தரப்பு நிச்சயம் கிளப்பும். சுயதொழில் மூலம் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று பிரிவு 2(7)இன் விளக்கமே கூறுகிறது. அதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.

குறை ஆய்வுக்கூடப் பரிசோதனையின்றித் தெரியாது என்றால், பிரிவு 38இன்படி ஆணையம் கருவியை முத்திரையிட்டு ஆய்வுக்கு அனுப்பலாம். அதற்கான கட்டணத்தைத் தங்களைச் செலுத்தச் சொல்லக்கூடும். அவ்வாறான வழக்கை எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு கிடைத்ததிலிருந்து ஐந்து மாதங்களில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் அதற்கு மேலும் ஆகும் என்று மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். ஸ்லீப்ஸ்டடி அறிக்கையின் அச்சுப்படியோடு, பாரதிய சாக்ஷ்ய அதினியம், 2023 என்ற சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63இன்படி மின்னணு ஆவணத்துக்குத் தரப்படும் சான்றிதழையும் இணைப்பது நல்லது. சாட்சியச் சட்டத்தின் நுணுக்கங்களை நுகர்வோர் ஆணையங்கள் இறுக்கமாகப் பிடிப்பதில்லை என்றாலும், ஆட்சேபத்துக்கு இடம் ஏன் கொடுக்க வேண்டும்?

பணத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். வாரண்டியின் கீழ்த் தயாரிப்பாளரின் கடமை, பழுதான பாகத்தைச் சரிசெய்வது அல்லது மாற்றுவது என்ற அளவிலேயே நிற்கும் என்று கார் தொடர்பான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006இல் கூறியுள்ளது. எதிர்த்தரப்பு அதைத்தான் கையில் எடுக்கும். ஆகவே மனுவில், பழுதைக் குறித்த காலத்துக்குள் நீக்கித்தர வேண்டும், இயலாதெனில் புதிய மடிக்கணினி தர வேண்டும், அதுவும் இயலாதெனில் 58,000 ரூபாயை வட்டியோடு திருப்பித்தர வேண்டும் என்று படிப்படியாகக் கேளுங்கள். மூன்று முறை சேலம் சென்றுவந்த பேருந்துச் சீட்டுகள் இருந்தால் இழப்பீட்டுக் கோரிக்கையோடு சேருங்கள்; அந்த நாட்களில் எந்தக் கடையின் கணக்கு தாமதமானது என்பதைக் காட்டும் செய்திகளையும் அச்செடுத்து வையுங்கள்.