ஆடு நெல்லைத் தின்றுவிட்டதா? வயிறு உப்பும்வரை காத்திருக்காதீர்கள்

கேள்வி: ஐயா, மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். 9 வெள்ளாடு வைத்திருக்கிறேன். சம்பா அறுவடை முடிந்து நெல்லைக் களத்தில் குவித்திருந்தபோது, சாயங்காலம் கயிற்றை அறுத்துக்கொண்டு இரண்டு பெட்டை ஆடுகள் போய் வயிறு முட்டத் தின்றுவிட்டன. ராத்திரி நன்றாகத்தான் இருந்தன. காலையில் இரண்டும் தலையைத் தொங்கப் போட்டு நின்றன, அசை போடவில்லை, பல்லைக் கடித்தன. மதியத்துக்கு மேல் ஒரு ஆட்டுக்குப் புளித்த வாடையோடு தண்ணீராகக் கழிச்சல், அதில் நெல்லும் இருந்தது. உப்புசம் என்று சொல்லி நல்லெண்ணெய் ஊற்றினோம். மறுநாள் ராத்திரி செத்துவிட்டது. டாக்டர் வந்து குளுக்கோஸ் ஏற்றியதில் இன்னொன்று பிழைத்தது, அது 3 மாதச் சினை. பக்கத்து வீட்டுக்காரர் இது துள்ளுமாரி என்கிறார். உண்மையில் என்ன நோய்? டாக்டர் வருவதற்குள் நாங்கள் என்ன செய்திருக்கலாம்?

பதில்: வணக்கம் அம்மா. ஆடு போனது பெரிய இழப்புதான். நீங்கள் நேர வாரியாக எழுதியிருப்பதால் பதில் சொல்வது சுலபமாக இருக்கிறது. இது சாதாரண உப்புசம் இல்லை. தானியம் அதிகமாகத் தின்றதால் வரும் பெருவயிற்று அமில நோய். டாக்டர்கள் அசிடோசிஸ் என்பார்கள்.

ஆட்டின் வயிற்றில் முதலாவதாக இருக்கும் பெரிய அறைதான் பெருவயிறு. அதில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. தழையையும் வைக்கோலையும் நிதானமாகச் செரிப்பவை அவை. அந்த இடத்தில் அமிலம் அதிகமாகாமல் உமிழ்நீர் பார்த்துக்கொள்கிறது. ஆடு அசை போடப் போட உமிழ்நீர் ஊறும், அதில் சமையல் சோடாவின் சத்து இயற்கையாகவே இருக்கிறது. திடீரென்று நெல்லோ அரிசியோ குவியலாக உள்ளே போனால், மாவுச்சத்தைத் தின்னும் வேறு வகை பாக்டீரியாக்கள் சில மணி நேரத்தில் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகின்றன. சாதாரணமாக 6 முதல் 7 வரை இருக்கும் அமில காரக் குறியீடு (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 5-க்கும் கீழே இறங்கிவிடும். நல்ல நுண்ணுயிர்கள் செத்துப்போகும், பெருவயிறு அசைவதை நிறுத்தும், அசை நின்றதும் உமிழ்நீரும் குறையும். அந்த அமிலக் குழம்பு உடம்பிலுள்ள தண்ணீரை எல்லாம் ரத்தத்திலிருந்து வயிற்றுக்குள் இழுக்கும். வயிறு பெரிதாகத் தெரியும், ஆனால் ஆடு உள்ளுக்குள் வறண்டுபோயிருக்கும். கண் குழிவது அதனால்தான். கடைசியில் அமிலம் ரத்தத்தில் ஏறி ஆடு படுத்துவிடும்.

நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்: தின்றதற்கும் அறிகுறி தெரிவதற்கும் நடுவில் பெரும்பாலும் 12 மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கும் மேல் இடைவெளி இருக்கும். உங்கள் ஆடுகள் ராத்திரி நன்றாக இருந்ததாக எழுதியிருக்கிறீர்களே, அந்த ராத்திரிதான் வைத்தியத்துக்கு ஏற்ற நேரம். ஆடு நெல்லில் வாய் வைத்ததைப் பார்த்த உடனேயே அதை நோயாளி ஆடாக நினைத்துக் கவனிக்க வேண்டும். வயிறு வீங்கட்டும், கழிச்சல் வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

மற்ற நோய்களிலிருந்து இதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? முதலில் இடது பக்கம், கடைசி விலாவுக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் கைமுட்டியை அழுத்தி வைத்துப் பழகுங்கள். நல்ல ஆட்டில் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு தடவை உள்ளே உருண்டு புரள்வது கைக்குத் தெரியும். அமில நோயில் அந்த அசைவே இருக்காது. தொட்டால் பிசைந்த மாவு போல இருக்கும், பிறகு தண்ணீர் சேர்ந்து தளதளவென்று ஆகும், ஆட்டை லேசாகக் குலுக்கினால் உள்ளே சளக் சளக் என்று சத்தம் கேட்கும். காற்று உப்புசத்தில் அந்தப் பள்ளம் மேலெழும்பி, தட்டினால் மத்தளம் மாதிரி ஒலிக்கும், ஆடு மூச்சு விடத் திணறும். அது பெரும்பாலும் ஈரமான தட்டைப்பயறு, குதிரை மசால் போன்ற பச்சைப் பயறுவகைத் தீவனத்தை வெறும் வயிற்றில் மேய்ந்த சில மணி நேரத்திலேயே வந்துவிடும். அதில் காற்று நுரையாகச் சிக்கியிருந்தால் 50 முதல் 100 மில்லி சமையல் எண்ணெய் நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் எண்ணெய் நுரையை உடைக்கும். உங்கள் ஆட்டின் வயிற்றில் இருந்தது அமிலம். எண்ணெயால் அமிலத்தை ஒன்றும் செய்ய முடியாது. எண்ணெய் ஊற்றியதால்தான் ஆடு செத்தது என்று வருந்தாதீர்கள், அதனால் பலன் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதும் அடிப்படை இல்லாத பேச்சு இல்லை. துள்ளுமாரி நோயும் மாவுத் தீவனம் திடீரென்று அதிகமாகும்போது கிளம்பக்கூடியதுதான். குடலில் ஏற்கெனவே இருக்கும் ஒரு பாக்டீரியா பெருகி விஷத்தைச் சுரக்கும். ஆனால் அது அனேகமாகக் கொழுகொழுவென்று இருக்கும் குட்டியைத்தான் பிடிக்கும், துள்ளி விழுந்து வலிப்பு வந்து சில மணி நேரத்தில் முடித்துவிடும், சில சமயம் செத்த பிறகுதான் நமக்கே தெரியும். உங்கள் ஆடு ஒன்றரை நாள் தாங்கியது, வலிப்பு வந்ததாக நீங்கள் எழுதவில்லை, கழிச்சலில் நெல் இருந்தது. எல்லாம் அமில நோயைத்தான் காட்டுகின்றன. காய்ச்சல், மூக்கில் சளி, கண்ணில் பீளை, வாய்ப்புண் இவற்றோடு கழிச்சல் வந்து பட்டியில் ஒவ்வொன்றாகப் பரவினால் அது ஆட்டுக்கொல்லி நோய், அதன் கதையே வேறு.

சரி, டாக்டர் வருவதற்குள் என்ன செய்வது? தின்ற ஆட்டைத் தனியாகப் பிரித்து, தானியம், தவிடு, கஞ்சி எல்லாவற்றையும் அடியோடு நிறுத்துங்கள். காய்ந்த வைக்கோலும் சோளத்தட்டையும் மட்டும் முன்னால் போடுங்கள், மென்று அசை போட்டால் உமிழ்நீர் ஊறும். முதல் நாள் தண்ணீரை வாளியோடு வைத்து வயிறு முட்டக் குடிக்க விடாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுங்கள். ஆடு நிற்கும் நிலையில் இருந்தால் மெதுவாக நடக்க வைக்கலாம்.

அப்புறம் சமையல் சோடா. 25 கிலோ எடையுள்ள ஆட்டுக்கு 15 முதல் 20 கிராம், அதாவது தலைதட்டி மூன்று நான்கு டீஸ்பூன். அதை அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து நிறுத்தி நிறுத்திக் கொடுக்க வேண்டும். ஆப்பத்துக்குப் போடுகிற சோடாதான் இது, துணி துவைக்கும் சலவைச் சோடாவைத் தவறி எடுத்துவிடாதீர்கள், அது வாயையும் குடலையும் புண்ணாக்கிவிடும். சோடா அமிலத்தோடு சேரும்போது காற்று கிளம்பும். அதனால் வயிறு ஏற்கெனவே விண்ணென்று இருக்கிற ஆட்டுக்கு டாக்டரைக் கேட்காமல் ஊற்ற வேண்டாம். அந்த ஆட்டுக்குக் குழாய் போட்டுக் காற்றை வெளியேற்ற வேண்டியிருக்கும்.

மருந்து புகட்டும்போது தலையை வானம் பார்க்கத் தூக்கக் கூடாது. மூக்கு கண்ணின் மட்டத்துக்கு மேலே போகாமல் பிடித்து, கடைவாய் ஓரமாகச் சிறிது சிறிதாக விடுங்கள். இருமினால் உடனே நிறுத்தித் தலையைக் கீழே விட்டுவிடுங்கள். படுத்துக் கிடக்கும் ஆட்டுக்கு வாய்வழியாக எதையும் ஊற்றாதீர்கள். மருந்து நுரையீரலுக்குள் போய் நிமோனியா வந்து சாகும் ஆடுகளும் உண்டு. வெல்லம், பழம், மோர் எதுவும் இந்த நேரத்தில் வேண்டாம். இனிப்பு அந்தப் பாக்டீரியாக்களுக்குத் தீனி, மோரில் இருப்பது அதே லாக்டிக் அமிலம்.

இதையெல்லாம் செய்யும்போதே டாக்டருக்கும் தகவல் போய்விட வேண்டும். தமிழ்நாட்டில் நடமாடும் கால்நடை ஊர்திக்கு 1962 என்ற எண்ணில் கூப்பிடலாம். என்ன தின்றது, உத்தேசமாக எவ்வளவு, எத்தனை மணிக்கு, சினையா என்ற நான்கையும் சொன்னாலே அவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். உமியோடு உள்ள நெல்லைவிட அரிசி, குருணை, சோறு இன்னும் வேகமாகப் புளிக்கும் என்பதால் எதைத் தின்றது என்பதும் முக்கியம். கல்யாண வீட்டு மிச்சச் சோற்றை ஆட்டுக்குக் கொட்டினாலும் இதே நோய்தான் வரும். முற்றிய நிலையில் அவர் ரத்தக் குழாய் வழியாக நீரும் கார மருந்தும் ஏற்றுவார், பி1 வைட்டமின் ஊசி போடுவார். மிக மோசமென்றால் வயிற்றைத் திறந்து தானியத்தை வெளியே எடுப்பார். பிழைத்த ஆட்டின் வயிற்றில் நல்ல நுண்ணுயிர்கள் மறுபடி குடியேற, நல்ல ஆட்டின் பெருவயிற்று நீரைப் புகட்டுவதும் உண்டு.

அடுத்த அறுவடைக்கு முன் களத்தைச் சுற்றித் தடுப்பு போடுங்கள். கயிற்றை மட்டும் நம்ப முடியாது. அறுத்த வயலில் விட்டாலும் முதலில் கொஞ்சம் வைக்கோலைக் கொடுத்துவிட்டு, சிந்திய கதிர் அதிகமாகக் கிடக்கும் முதல் சில நாட்கள் குறைந்த நேரமே மேய விடுங்கள். தானியம், தவிடு போன்ற அடர்தீவனம் பழக்குவதாக இருந்தால் கைப்பிடியில் ஆரம்பித்து இரண்டு வாரத்தில் படிப்படியாக ஏற்றுங்கள். துள்ளுமாரிக்குத் தடுப்பூசி இருக்கிறது, வருடந்தோறும் மழைக்காலத்துக்கு முன் போட்டுவிடுங்கள். அமில நோய்க்குத் தடுப்பூசி கிடையாது.

இப்போது பிழைத்த ஆட்டுக்கு வருவோம். மூன்றாம் நான்காம் நாள் தெளிவாகத் தெரிந்து மறுபடி சுணங்கும் ஆடுகள் உண்டு. அதனால் இரை எடுப்பதையும் அசை போடுவதையும் இரண்டு வாரம் தினமும் பாருங்கள். புழுக்கை உருண்டையாகத் திரும்பி வருவது நல்ல அடையாளம். ஒரு வாரம் பத்து நாள் காய்ந்த தீவனமும் மரத்தழையும் மட்டும் போதும், சினை என்பதற்காக இப்போதே தவிடு வைக்காதீர்கள். குளம்பு சூடாகி, காலை மாற்றி மாற்றி வைத்தாலோ முட்டி போட்டு மேய்ந்தாலோ குளம்பு அழற்சி தொடங்கியிருக்கிறது என்று அர்த்தம். கருச்சிதைவுக்கும் வாய்ப்பு உண்டு. பின்பக்கம் கசிவு தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள், விழுந்த கருவையும் நஞ்சுக்கொடியையும் வெறும் கையால் தொடாமல் ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள்.