புகையும் மதுவும் இல்லாதவருக்கு டான்சில் புற்றுநோய் வருமா?

வரும். உங்கள் அண்ணனுக்கு டான்சில் புற்று என்று பயாப்சி (திசுச் சோதனை) அறிக்கை வந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் புகையையும் மதுவையும் தொடாதவர் என்பதற்காக மட்டும் அந்த அறிக்கை தவறாக இருக்குமென்று எண்ணிச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

டான்சிலிலும் அடிநாக்கிலும் இப்படி வரும்போது முதலில் ஐயப்பட வேண்டியது பெரும்பாலும் பாலுறவு வழியே தொற்றும் எச்.பி.வி. (மனித பாப்பிலோமா) வைரஸின் 16-ஆம் வகையை. பல ஆண்டுகளுக்கு முன் தொற்றியது இப்போது கட்டியாக வெளிப்படலாம் என்பதால், யாரிடமிருந்து வந்தது என்று வீட்டில் விசாரணை நடத்துவதில் பொருளில்லை.

எடுத்த திசுவில் பி16 சோதனை (எச்.பி.வி.யின் தடயமாகக் கொள்ளப்படும் ஒரு புரதத்தைத் தேடுவது) செய்யப்பட்டதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் மறுபடி பயாப்சி தேவைப்படாது. பாசிட்டிவ் என்றால் நோய்நிலையைக் கணக்கிடும் முறையே வேறு. குணமாகும் வாய்ப்பும் பொதுவாகக் கூடுதல்.

ஆனால் கன்னத்திலோ நாக்கின் முன்பகுதியிலோ வரும் புற்றுக்கு இந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது. அங்கே, புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே காரணமாக இருக்கலாம். பலர் அதைக் கெட்ட பழக்கமாகக் கருதாததால் மருத்துவரிடம் சொல்வதுமில்லை.